ஃபார்முலா ஃப்ரன்ட்: பட்டனைத் தொடாமல் ஜெயித்தால் அது ஜெயிப்பா?

இரும்புக்கால்:

அலமாரியில் கிடந்த பிஎஸ்பியை (சோனியின் கையடக்க ஆட்டக் கருவி) எடுத்து ‘ஆர்மர்ட் கோர்: ஃபார்முலா ஃப்ரன்ட்’ மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் ஜப்பானில் பிஎஸ்பி கடைக்கு வந்த அன்றே அதோடு வந்த ஆட்டம் இது. ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தது. தலை, கோர், கை, கால், ஜெனரேட்டர், ரேடியேட்டர், பூஸ்டர், குறிபிடிக்கும் எஃப்சிஎஸ், ஆயுதங்கள் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ராட்சத ரோபோவைக் கட்டுவோம். அதன் ஏஐயையும் நாமே பழக்குவோம். சண்டை ஆரம்பித்ததும் நம் வேலை முடிந்தது. ஆளில்லாத அந்த ஏசி (ஆர்மர்ட் கோர், ரோபோவுக்கு ஆட்டத்தில் அதுதான் பெயர்) தானாக மோதும், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். 2005-இல் அமெரிக்காவுக்குப் போனபோது கையால் ஓட்டும் வசதியையும் சேர்த்துவிட்டார்கள்.

என் கட்சி: முதலில் வந்த வடிவம்தான் சரி. கையால் ஓட்டலாம் என்று ஆனதும் ஆட்டத்தின் முதுகெலும்பே போய்விட்டது. கையால் ஓட்டுகிறவன் மோசமான கட்டுமானத்தைத் திறமையால் மூடிவிடலாம். ஜெனரேட்டர் போதவில்லையா, பூஸ்டரை விட்டு விட்டு அழுத்திச் சமாளிப்பான். அதையே ஏஐயிடம் கொடுங்கள், குறை உடனே வெளியே வந்துவிடும். நாம் கட்டியது எப்படிப்பட்டது என்று அப்போதுதான் தெரியும்.

பூஸ்டர்பாண்டி:

ஒப்புக்கொள்ளவே முடியாது. 1997-இல் முதல் ஆர்மர்ட் கோர் வந்ததிலிருந்து இந்தத் தொடரில் ஏசியைக் கட்டும் கேரேஜும் அதை ஓட்டும் காக்பிட்டும் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன. ஒரு பஸூக்காவின் எடை கேரேஜில் வெறும் எண். அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது திரும்புவதற்குக் கொஞ்சம் தாமதம் ஆகும் பாருங்கள், அந்தத் தாமதம் கட்டைவிரலில் தெரியும். உடனே கேரேஜுக்குப் போய்க் காலை மாற்றுவோம், இல்லை பஸூக்காவைக் கழற்றிவிட்டு ரைஃபிள் போடுவோம். என்னிடம் கேட்டால் கட்டுவது என்பதே அதுதான்.

ஏஐயிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தகவல் எனக்கு வருவதே இல்லை. ஏசி தோற்றது. ஏன் தோற்றது? கால் மெதுவா, எஃப்சிஎஸ் சரியில்லையா, ஏஐ தப்பான தூரத்தில் நின்றதா? திரையில் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஊகித்து ஊகித்துப் பாகத்தை மாற்றுவதைக் கட்டுமானத் திறமை என்று என்னால் சொல்ல முடியாது.

இரும்புக்கால்:

பார்க்கத் தெரிந்தால் ஊகிக்கத் தேவையில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு கால் ஏசியின் முதுகில் பெரிய கிரனேட் பீரங்கி வைத்திருந்தேன். இந்தத் தொடரில் இரண்டு கால்காரன் முதுகுப் பீரங்கியைச் சுட வேண்டுமானால் நின்று மண்டியிட வேண்டும். நான்கு காலுக்கும் டேங்குக்கும் அந்தத் தொல்லை கிடையாது, ஓடிக்கொண்டே சுடலாம். நான் ஓட்டும்போது தூரம் பார்த்துத்தான் மண்டியிடுவேன். என் ஏஐ அப்படிச் செய்யவில்லை. எதிரி பிளேடை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறான், இது அவன் முன்னால் மண்டிபோட்டுக் குறிபார்க்கிறது.

அதற்கு மூன்று வழி இருந்தது. பீரங்கியைக் கழற்றலாம். நான்கு காலுக்கு மாறலாம், ஆனால் அப்போது எடைக் கணக்கு, மின்சாரக் கணக்கு எல்லாம் மாறும். இல்லையென்றால் ஏஐயை எப்போதும் தள்ளியே நிற்கும்படி பழக்கலாம், அப்போது மற்ற ஆயுதங்களும் நீண்ட தூரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். நான் மூன்றாவதைப் பிடித்தேன். எஃப்சிஎஸ், கை ஆயுதம், பூஸ்டர் எல்லாவற்றையும் அதற்காக மாற்ற வேண்டியிருந்தது. கையால் ஓட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. ‘கிட்ட வரும்போது சுடாதே’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போயிருப்பேன், ஏசி அப்படியே அரைகுறையாக இருந்திருக்கும்.

சேவல் சண்டையில் வளர்த்தவர் களத்தில் இறங்கிக் கொத்துவதில்லை. அதற்காக அவர் சண்டையில் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

பூஸ்டர்பாண்டி:

சேவலுக்குச் சொந்தப் புத்தி உண்டு, ரோஷம் உண்டு. உங்கள் ஏஐ மூலையில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பூஸ்டர் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எனர்ஜி தீர்ந்து சார்ஜிங்கில் விழுந்துவிட்டால் மறுபடி நிரம்பும் வரை பூஸ்டரும் கிடையாது, எனர்ஜி ஆயுதமும் கிடையாது. அந்த நேரம் முழுக்கச் சும்மா அடி வாங்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கொடுமை. ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் தப்பித்திருக்கும்!

கேரேஜ்வாசி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ரெண்டு பேரும் கையில் இருந்த கருவியை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஆர்மர்ட் கோரின் பழைய கன்ட்ரோல் எப்படி? திரும்புவது ஒரு பக்கம். அதுபோக தோள் பட்டன்களான எல்1, ஆர்1-இல் பக்கவாட்டு நகர்வு, எல்2, ஆர்2-இல் மேலே கீழே பார்ப்பது. 2004-இல் பிஎஸ்2-க்கு (பிளேஸ்டேஷன் 2) வந்த ஆர்மர்ட் கோர் நெக்ஸஸில்தான் முதன்முதலாக இரண்டு ஸ்டிக்கிலும் ஓட்டும் முறையைக் கொடுத்தார்கள். அதே வருடக் கடைசியில் வந்த பிஎஸ்பியில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஸ்டிக். தோள் பட்டன் இரண்டுதான். எல்2-வும் இல்லை, ஆர்2-வும் இல்லை.

ஏஐயிடம் சண்டையை விட்டதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கருவிக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேரேஜில் பாகம் மாற்றலாம். அப்படி நின்றுகொண்டு ஓவர்பூஸ்ட் அடித்து, அதாவது ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, திரும்பிச் சுட முடியாது.

பூஸ்டர்பாண்டி:

கேரேஜ்வாசி அண்ணா, 2009-இல் ஆர்மர்ட் கோர் 3 போர்ட்டபிள் வந்ததே? சைலன்ட் லைன், லாஸ்ட் ரேவன் ரெண்டும் அதே பிஎஸ்பிக்கு வந்தனவே? எல்லாம் கையால் ஓட்டும் ஆட்டங்கள். நான் லாஸ்ட் ரேவனை பிஎஸ்பியில்தான் முடித்தேன். விரல் வலித்தது உண்மை. ஆனால் முடியாது என்பதை ஏற்க மாட்டேன்.

கேரேஜ்வாசி:

முடிந்தது தம்பி, எப்படி முடிந்தது என்பதுதான் பேச்சு. அவை பிஎஸ்2 ஆட்டங்களை அப்படியே சின்னக் கருவிக்குள் கொண்டுவந்தவை. மேலே பார்க்க ஒரு விரல், சுட ஒரு விரல், பறக்க ஒரு விரல் என்று கையை மடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஃபார்முலா ஃப்ரன்ட் அந்தக் கருவிக்காகவே பிறந்தது.

நிரல்பிரியை:

எனக்கு வேறு புகார். இரும்புக்கால் சொல்லும் நியாயத்தைக் கடைசி வரை கொண்டுபோனால் ஃபார்முலா ஃப்ரன்ட்டில் நிற்க முடியாது, ‘கார்னேஜ் ஹார்ட்’டுக்குத்தான் போக வேண்டும். ஆர்ட்டிங்க் 1995-இல் பிளேஸ்டேஷனுக்குச் செய்தது. பிற்பாடு பிஎஸ்பிக்கு 2010-இல் ‘கார்னேஜ் ஹார்ட் எக்ஸா’ வந்தது. அதில் ரோபோவின் மூளையை நீங்களே நிரலாக எழுத வேண்டும். பலகையில் சில்லுகளை வரிசையாக வைப்பீர்கள். எதிரி இந்தத் தூரத்துக்குள் இருக்கிறானா? ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். குண்டு வருகிறதா? குதி. சூடு ஏறிவிட்டதா? நிறுத்து. எல்லாம் நீங்கள் வைத்த சில்லு.

பாண்டியின் கேள்விக்கு அங்கே பதில் உண்டு. தோற்றால் ஏன் தோற்றது என்று பாதையைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கலாம். சுவரைப் பார்த்துப் பூஸ்டர் அடித்தால் அது என் தவறான சில்லு, கைவைத்துத் திருத்துவேன். ஃபார்முலா ஃப்ரன்ட்டில் நீங்கள் ஏஐயின் குணத்தைத்தான் திருத்துகிறீர்கள், மூளைக்குள் போகவே முடியாது. பழக்குவதா எழுதுவதா என்று கேட்டால் நான் எழுதுவதையே தேர்ந்தெடுப்பேன்.

இரும்புக்கால்:

நீங்கள் சொல்லும் ஆட்டத்தை ஆடியிருக்கிறேன், அதன் ஆழத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கே மூளையே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பலகையில் உட்கார்ந்தால் ரோபோவின் உடல் மறந்துபோகிறது. எனக்குப் பிடித்தது உடலும் குணமும் ஒன்றோடொன்று இழுபறி போடும் இடம். கனமான காலை மாட்டினால் ஏஐயின் துள்ளலைக் குறைக்க வேண்டும். லேசான கால் என்றால் கவசம் போதாது, அடி வாங்காத குணம் வேண்டும். எல்லாவற்றையும் நிரலாக எழுத முடிந்தால் அந்த இழுபறி எனக்குக் கிடைக்காது.

நிரல்பிரியை:

இழுபறி அங்கேயும் உண்டு. குதிக்கச் சொல்லும் சில்லை வைத்தால் அதைத் தாங்கும் உடல் வேண்டாமா? நீங்கள் பலகையைத் திறந்ததும் உடலை மறந்தீர்கள் என்றால் அது ஆட்டத்தின் குணம் இல்லை, நீங்கள் ஆடிய விதம்.

மெடரோட்ரசிகன்:

ராட்சத ரோபோ இல்லை, சிறுவன் உயரம்தான் இருக்கும், ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். 1997-இல் கேம் பாயில் வந்த மெடரோட் இந்தச் சண்டையை எப்போதோ தீர்த்துவிட்டது. தலை, வலது கை, இடது கை, கால் என்று நான்கே பாகம். நாம் உத்தரவு கொடுப்போம், ரோபோ நடுக்கோடு வரை ஓடிப்போய்ச் செய்துவிட்டுத் திரும்பி வரும். மெதுவான பாகம் என்றால் அந்த ஓட்டமே நீளும், அதற்குள் எதிரி நம் கையை உடைத்துவிடலாம். தலைவன் ரோபோவின் தலை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவன் தோற்றவனிடமிருந்து ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வான்! பாகத்துக்கு அதைவிட மதிப்புக் கொடுத்த ஆட்டம் எனக்குத் தெரியாது. கையால் ஓட்டவும் வேண்டாம், வேடிக்கை பார்க்கவும் வேண்டாம்.

பூஸ்டர்பாண்டி:

மெடரோட் நல்ல ஆட்டம், ஆனால் நான் கேட்பதற்கு அது பதில் இல்லை. எனக்கு வேண்டியது வேகம். கொஞ்சம் இன்றைக்கு வாருங்கள். 2023-இல் ஆர்மர்ட் கோர் 6 வந்தது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஆடலாம். அதில் இரண்டு ஸ்டிக், நான்கு தோள் பட்டன், பின்பக்கமும் பட்டன். அண்ணா சொன்ன கருவிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ரயிலில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். நான் கட்டியதைக் குறியீடாக நண்பர்களுக்கு அனுப்புகிறேன், அவர்களும் அதையே எடுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். என் ஏசி எனக்கு ஜெயிக்கிறது, அவனுக்குத் தோற்கிறது. அப்போது கட்டுமானம் எவ்வளவு, கை எவ்வளவு என்று எங்களுக்கே தெரிகிறது.

கேரேஜ்வாசி:

பாண்டி, நீ இப்போது இரும்புக்காலுக்கு வாதாடிவிட்டாய். உன் கையில் ஜெயித்து அவன் கையில் தோற்கிற ஏசியைப் பற்றிக் கட்டுமானத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

பூஸ்டர்பாண்டி:

என் கைக்காகக் கட்டினேன் என்று சொல்ல முடியும் அண்ணா! அவன் கைக்கு அவன் வேறு கட்டட்டும். என்னுடையது வேகமான லேசான கால், கிட்டப் போய் அடிப்பது. அவன் பொறுமைக்காரன், அவனுக்கு டேங்க். ஓட்டுகிறவனையும் ஒரு பாகமாக வைத்துத்தான் கட்டுகிறோம். அவனை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே சிறந்த ஏசி என்று போய் நிற்கும்.

இரும்புக்கால்:

இது நல்ல வாதம், இதுவரை சொன்னதில் வலுவானது. ஆனாலும் லீக்கைப் பாருங்கள். ஃபார்முலா ஃப்ரன்ட்டில் எல்லா அணியும் ஏஐதான். அதில் நீங்கள் மட்டும் கையால் இறங்கினால் எதிரியின் தலைக்கு மேலே பறந்து பின்னால் இறங்கிச் சுட்டுக்கொண்டே இருக்கலாம், அவன் திரும்புவதற்குள் முடிந்துவிடும். எந்தப் பாகம் போட்டாலும் ஜெயிக்கலாம் என்று ஆன பிறகு கேரேஜுக்கு எதற்குப் போக வேண்டும்? நான் சொன்ன முதுகெலும்பு அதுதான்.

ஒரே சிறந்த ஏசி என்ற பயமும் வேண்டாம். ஏஐக்கும் குணம் கொடுப்பது நாம்தானே. உங்கள் ஏஐ உங்களைப் போலவே கிட்டப் போய் அடிக்கும், என்னுடையது தள்ளி நிற்கும்.

நிரல்பிரியை:

அப்படியானால் மோதிப் பார்த்துவிடுங்கள். பிஎஸ்பி இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அட் ஹாக்கில், அதாவது கம்பியில்லாமல் நேரடியாக, இணையும். ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே?

பூஸ்டர்பாண்டி:

தயார். ஆனால் முதல் சுற்று கையால்.

இரும்புக்கால்:

முதல் சுற்று ஏஐ. நடுத்தர எடை, இரண்டு கால், முதுகுப் பீரங்கி கூடாது, ரைஃபிளும் பிளேடும் மட்டும். அதே ஏசியை, பாகம் எதையும் மாற்றாமல், இரண்டாவது சுற்றில் கையால் ஓட்டலாம். ஞாயிறு சாயங்காலம் வாருங்கள். சார்ஜரையும் எடுத்து வாருங்கள், என் பிஎஸ்பி பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது.

பூஸ்டர்பாண்டி:

பீரங்கி கூடாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் எப்படி? மண்டியிடுவது உங்கள் ஏஐயின் பிரச்சினை, என்னுடையதுக்கு நான் தூரம் பழக்கிக்கொள்கிறேன். பீரங்கி உண்டு என்றால் வருகிறேன்.

இரும்புக்கால்:

சரி, உண்டு.