வன்னிக்கெண்டு ஒரு வெப்சைட் தொடங்கிறதெண்டா என்ன செய்யலாம்?

முறிகண்டிப் பெடியன்:
வவுனியா கம்பஸில ஐரி முடிச்சிட்டு வீட்டில நிக்கிறன். கொழும்புக்குப் போக மனமில்லை, இஞ்சயே ஏதும் செய்வமெண்டு நானும் ஒரு கூட்டாளியும் யோசிக்கிறம். முதல் சாப்பாடு டெலிவரி எண்டுதான் நினைச்சம், ஆனா கிளிநொச்சி டவுணை விட்டு வெளிக்கிட்டா பெற்றோல் காசுக்கே கட்டாது. பிக்மீ டாக்ஸி ஆப், இக்மன் விக்கிற வாங்கிற சைட் மாதிரி ஓடுறதைக் கொப்பி அடிக்காம, எங்கட சனத்துக்குத் தேவையான ஒண்டு சொல்லுங்கோ.

கண்டாவளையான்:
தம்பி, நெல்லு வெட்டுற மிசினை புக் பண்ண ஒரு சைட். வேற ஒண்டும் யோசிக்காத. காலபோகம், அதுதான் மாரி மழைக்கு விதைக்கிற போகம், முடியிற நேரம் இரணைமடுக் குளத்துக்குக் கீழ முழு வயலும் ஒண்டா விளையுது, மிசின் பொலநறுவை அம்பாறைப் பக்கத்தால லொறியில ஏறி வருது, அது இப்ப எங்க நிக்குது, நாளைக்கு எந்தப் பக்கம் போகுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. போனமுறை நாலு நாள் மிசின் பிடிச்சுக் குடுக்கிற புரோக்கருக்குப் பின்னால திரிஞ்சன், எப்ப கேட்டாலும் "பின்னேரம் வரும் அண்ணை". அஞ்சாம் நாள் மழை, நெல்லு படுத்திட்டுது. பிறகு வந்தவன் விழுந்த பயிரெண்டு ஏக்கர் கணக்கை விட்டிட்டு மணித்தியாலக் கணக்குக் கேட்டான். அவன்ர புக்கிங் சிஸ்டம் என்ன தெரியுமே, பிஸ்கட் பெட்டி மட்டையில பேனையால எழுதின பேரும் நம்பரும், அதில என்ர பேருக்கு மேல ஆரோ தேத்தண்ணியை ஊத்திக் கிடக்கு.

நெடுங்கேணி அக்கா:
ஐடியா நல்லம், ஆனா ஆப் எண்டு இறங்கினீங்களோ துலைஞ்சியள். எங்கட வயலுக்கை சிக்னல் இல்லை, கிணத்தடிக்கு வந்தாத்தான் ஒரு கம்பி காட்டும். அப்பாவுக்கு வாட்ஸப்பில வொய்ஸ் போட மட்டும்தான் தெரியும், போம் நிரப்பச் சொன்னா போனை என்னட்ட நீட்டுவார். மிஸ்ட் கோல் குடுத்தா நீங்கள் திருப்பி எடுக்கிற மாதிரி வையுங்கோ. மிசின் ரைவர்மார் கனபேர் சிங்களம், அவைக்குப் போற எஸ்எம்எஸ் சிங்களத்தில போகவேணும்.

வாய்க்கால் தலைப்பு:
கமக்கார அமைப்பில கன வருசம் இருந்தனான், ஒண்டு சொல்லுறன் கேள். ஆளுக்கொரு புக்கிங் எண்டு டாக்ஸி மாதிரிச் செய்தா சரிவராது. நடுவில கிடக்கிற ரெண்டேக்கருக்கு மிசின் இறங்கோணுமெண்டா முன்வயல் வெட்டியிருக்கோணும், இல்லாட்டி மற்றவன்ர பயிரை மிதிச்சுக்கொண்டுதான் போகும், பிறகு வரம்புச் சண்டை. அதால ஒரு வாய்க்காலில தண்ணி பாயிற வயலெல்லாத்தையும் ஒண்டாச் சேத்து, வாய்க்கால் வாய்க்காலா புக் பண்ணு. எப்ப விளையுமெண்டு ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை. விதைச்ச திகதியையும் நெல்லினத்தையும் வாங்கி வை, பீஜீ 300 எண்டா 3 மாசம், ஆட்டக்காரி, அதுதான் ஏரி 362, மூண்டரை மாசம். ஒரு வாய்க்காலில அரைவாசி அதுவும் அரைவாசி இதுவும் விதைச்சிருந்தா மிசின் ரெண்டுதரம் வரோணும், அது உனக்கு விதைக்கேக்கயே தெரிஞ்சிடும். அதைக் கமக்காரக் கூட்டத்தில முன்னமே சொன்னியெண்டா, சைட்டை விட அதுக்குத்தான் சனம் உன்னைத் தேடும்.

முறிகண்டிப் பெடியன்:
ஐயா, நெல்லினத்தை வைச்சு நாளைக் கணக்குப் பாக்கலாமெண்டது எங்களுக்கு ஓடவே இல்லை. காசு ஆரிட்ட எடுக்கிறது? கமக்காரரிட்ட கேக்க வெக்கமா இருக்கு.

கண்டாவளையான்:
மிசின்காரனிட்ட எடு. பரந்தனில ரெண்டேக்கர் வெட்டிட்டு அடுத்த ரெண்டுக்கு விசுவமடு வரைக்கும் லொறியில ஏத்தி இறக்கிற செலவு அவனுக்குத்தான் தெரியும். ஒரே இடத்தில அம்பது ஏக்கர் காட்டினா சந்தோசமாத் தருவான். புரோக்கர்மார் முறைப்பாங்கள், அவங்களில ரெண்டுபேரைச் சேத்துக்கொள்ளு, எந்த ஒழுங்கையால மிசின் இறங்குமெண்டு அவங்களுக்குத் தெரியும்.

வாய்க்கால் தலைப்பு:
காலபோகத்தில தொடங்காத. கோடையில செய்யிற சிறுபோகத்தில தொடங்கு, அதுக்குக் குளத்துத் தண்ணியைப் பாத்துத்தான் ஏக்கர் பிரிச்சுக் குடுக்கிறது, வயல் குறைவு, பிழை விட்டாலும் அடி விழாது. கூட்டம் வைக்கேக்க சொல்லுறன், கொப்பியோட வா, லப்டொப்பைக் கொண்டு வராத.