கிராஃபோர்டில் பிடித்த செங்கல்

பிடித்த விளையாட்டு வீரரைச் சந்தித்த அனுபவம் பற்றிய இந்த இழையில் பலரும் ஏர்போர்ட்டில் பார்த்த வீரர், ஹோட்டலில் கைகொடுத்த வீரர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி யாரையும் நேரில் பார்க்க வாய்க்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் படித்த இரண்டு வருடத்தில், அமெரிக்கக் கால்பந்தில் பந்தைப் பிடிப்பதில் பேர்போன ஜெரி ரைஸையும், பந்தோடு ஓடுவதில் பேர்போன வால்டர் பேட்டனையும் அவரவர் ஊருக்கே போய்த் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

2012-இல் ஸ்டார்க்வில்லில் எம்.எஸ். சேர்ந்தேன். பல்கலைக்கழக அணியின் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஊரே மெரூன் சட்டை போட்டு, கையில் மாட்டு மணியோடு ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடும். எனக்கு அந்த ஆட்டம் ஒன்றும் புரியாது. லேப் முடிந்து இரவு கடைசி பஸ்ஸில் திரும்பும்போது பெரும்பாலும் நானும் டிரைவரும்தான் இருப்போம். அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். அவர் என்னை 'சன்' என்பார், நான் அவரை 'சார்' என்பேன். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு (கெஜம்) முன்னே நகர வேண்டும் என்ற அடிப்படைக் கணக்கையே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சிக்னலில் வண்டி நிற்கும்போது, பனி படிந்த கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார்.

பந்தைப் பிடிப்பதில் யார் பெரிய ஆள் என்று ஒருநாள் கேட்டேன். "ஜெரி ரைஸ். எங்க ஊர்ப் பையன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தன் காரிலேயே கிராஃபோர்டுக்குக் கூட்டிப்போனார். ஸ்டார்க்வில்லில் இருந்து அரை மணி நேரம். சில தெருக்கள், வயல், மறுபடி வயல். ஊர் அவ்வளவுதான்.

ரைஸின் அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள்தான் சித்தாள்கள். நம் ஊரில் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றுவோமே, அதே மாதிரி அண்ணன் தம்பிகள் கீழே இருந்து செங்கல்லை வீச, ஜெரி சாரத்தின் மேல் நின்று பிடிப்பாராம். இதை ரைஸே பல முறை சொல்லியிருக்கிறார். எனக்கு என்னவோ கதைபோலத்தான் இருந்தது. பெரியவர் தன் உறவினர் வீட்டுக் கொல்லையில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து, "பிடி" என்று மெதுவாகத்தான் போட்டார். இரண்டு கிலோ இருக்கும். உள்ளங்கையில் வாங்கினேன், தோல் உரிந்துவிட்டது. "உள்ளங்கையில் வாங்காதே, விரலில் வாங்கு. கல் வரும் திசையிலேயே கை கொஞ்சம் பின்னால் போகணும்" என்றார். நாலாவது தடவைதான் வலிக்காமல் பிடித்தேன். வெயிலில் நாள் முழுக்க இதைச் செய்த பையனுக்குத் தோல் பந்து பஞ்சு மாதிரிதானே இருந்திருக்கும்!

பெரிய பல்கலைக்கழகம் எதுவும் ரைஸைக் கூப்பிடவில்லை. ஈட்டா பீனாவில் இருக்கும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரியின் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலிதான் நேரில் வந்து பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அங்கே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், வில்லி டோட்டன். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் கூடிப் பேசாமல், எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பந்தை வீசுவார்கள். 1984-இல் மட்டும் எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து ரைஸ் எடுத்த டச்டவுன் 27. அந்த வருடம் மாநிலத் தலைநகர் ஜாக்சனில் ஆல்கார்ன் ஸ்டேட் கல்லூரியோடு நடந்த ஆட்டத்துக்குக் கூட்டம் 60,000-ஐத் தாண்டியது. அதில் பெரியவரும் ஒருவர். தோற்றது தன் பக்கமான வேலி ஸ்டேட்தான் என்றாலும், 42-28 என்ற கணக்கை நேற்று நடந்தது போலச் சொன்னார்.

அன்று திரும்பும் வழியில்தான் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அவரும் பள்ளியில் ஆடியவர். அவர் காலத்தில், 1960-களின் கடைசி வரை, மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக அணிகளில் ஒரு கறுப்பினப் பையன்கூடக் கிடையாது. திறமை இருந்தால் ஜாக்சன் ஸ்டேட், ஆல்கார்ன் ஸ்டேட், வேலி ஸ்டேட் என்று கறுப்பினக் கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டும். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அப்புறம் பேட்டன். அவர் ஊர் கொலம்பியா, மாநிலத்தின் தென்கோடியில். ஒரு வசந்த கால விடுமுறையில் நண்பனின் காரை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியாக ஓட்டிப் போனேன். பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடித்த பையன். 1970-இல் கறுப்பு, வெள்ளைப் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது இரு தரப்புப் பையன்களும் சேர்ந்து ஆடிய அணியின் நட்சத்திரம். அவரையும் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் எடுக்கவில்லை. ஜாக்சன் ஸ்டேட் போனார். 1975-இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, சிகாகோ பேர்ஸ் அணி அவரை நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

பேர்ல் ஆற்றங்கரை மணலில் ஓடித்தான் பேட்டன் கால்களை உரமாக்கினார் என்று படித்திருந்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு நானும் ஓடிப் பார்த்தேன். கணுக்கால்வரை புதைகிறது. ஒரு காலை இழுப்பதற்குள் மறுகால் உள்ளே போய்விடுகிறது. ஐம்பது அடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் 13 சீசனில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். 1977-இல் காய்ச்சலோடு இறங்கி ஒரே நாளில் 275 யார்டு ஓடினார். மொத்தம் 16,726 யார்டு. தடுக்க வருபவனைக் கண்டு கோட்டுக்கு வெளியே ஒதுங்க மாட்டார், நேராகப் போய் மோதுவார். அந்த மனுஷனைக் கல்லீரல் நோய் 45 வயதில் கொண்டுபோனது இன்றும் எனக்கு ஆறவில்லை.

இதே மாநிலத்துக்காரரான இன்னொரு வீரர் ஸ்டீவ் மெக்நேர் பற்றி எழுதினால் நீண்டுவிடும். ஒன்று மட்டும். பெரிய கல்லூரிகள் அவரைத் தடுப்பாட்டத்துக்குத்தான் கேட்டன. குவார்ட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று ஆல்கார்ன் ஸ்டேட்டுக்குப் போனார். 2003-இல் என்.எஃப்.எல்.லின் மிகச்சிறந்த வீரர் விருதை இன்னொரு குவார்ட்டர்பேக்கான பெய்டன் மானிங்கோடு பகிர்ந்துகொண்டார்.

நான் படிப்பு முடித்துக் கிளம்பிய வருடமே பெரியவரும் ஓய்வு பெற்றுவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தால், "வேலி ஸ்டேட்டுக்குப் போனாயா?" என்றுதான் முதலில் கேட்பார். இன்னும் போகவில்லை. ஈட்டா பீனாவில் அந்த ஸ்டேடியத்துக்கே ரைஸ்-டோட்டன் என்றுதான் பெயர். ஜாக்சன் பக்கம் இருப்பவர்கள் யாராவது போனால் இங்கே ஒரு படம் போடுங்கள், அவருக்கு அனுப்ப வேண்டும்.