பழைய லேப்டாப்பை அழித்து லினக்ஸ் போட்டேன்: கோப்பு எல்லாம் எடுத்தேன், எழுத்துருவை விட்டுவிட்டேன்

குடியாத்தத்திலிருந்து:

அப்பா எங்கள் ஊர் பஜாரில் இருபது வருடத்துக்கு மேல் டி.டி.பி. (கணினியில் அச்சுக்கு வடிவமைக்கும்) கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பில் புக் என்று எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடிப்பார். 2019-இல் கடையை மூடியபோது கடைக் கணினியில் இருந்த அத்தனையையும் வீட்டு லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டார். 2013-இல் வாங்கிய லேப்டாப் அது. விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

இந்த வருடம் அக்கா மகள் பாலிடெக்னிக் சேர்ந்தாள். அவளுக்குப் புதுசு வாங்கும் நிலைமை இல்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரி 14-இல். பெரும்பாலான பிரவுசர்களும் அதைக் கைவிட்டுவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 2013 மாடலுக்கு இரண்டும் கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு குறைந்தது 2 ஜிபி ரேம் போதும் என்கிறது. சரி, அதையே போடுவோம் என்று முடிவு செய்தேன்.

கோப்புகள் விஷயத்தில் நான் கவனமாகத்தான் இருந்தேன். வருடவாரியாக, அதற்குள் மாதவாரியாக (அப்பா தமிழ் மாதப் பெயரில்தான் வைப்பார்: சித்திரை, வைகாசி, ஆனி) ஃபோல்டர்கள். எல்லாமாகச் சேர்ந்து 9 ஜிபிதான். வெளி டிஸ்க்கில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தேன். எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். சில கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன். நன்றாகத் திறந்தன. திறந்து பார்த்தது அதே லேப்டாப்பில் என்பதுதான் என் தவறு.

மற்றது எல்லாம் சுலபம். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, எஃப்12 அழுத்தி அதிலிருந்து பூட் செய்தேன். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றையும் பார்த்துக்கொண்டேன். இதை யாரும் தவிர்க்காதீர்கள். வைஃபை வேலை செய்யாது என்பது அழித்த பிறகு தெரிந்தால் ரொம்ப சங்கடம். அப்புறம் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அக்கா மகளுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து ஓர் அம்மா வீட்டைத் தேடி வந்தார். 2014-இல் அவருக்குக் கல்யாணம். பத்திரிகை அப்பா கடையில் அடித்தது. கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார், குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். அப்போது பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். இப்போது பதிவுக்குப் போனால் மற்ற ஆவணங்களோடு கல்யாணப் பத்திரிகையும் கேட்கிறார்கள். இவர்களிடம் இருந்த பத்திரிகை 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது பீரோவோடு நனைந்து போயிருந்தது. சொந்தக்காரர்கள் யாரிடமும் இல்லை.

"அண்ணன்கிட்ட எல்லாம் இருக்கும்னு சொன்னாங்க" என்றார். அப்பா முகத்தில் ஒரு பெருமை. "2014 வைகாசி. எடுப்பா" என்றார் என்னிடம்.

எடுத்தேன். மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், 4.4 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. ஆகவே திறந்தது. பார்டர் வந்தது, பிள்ளையார் படம் வந்தது, தாலி கட்டும் நேரத்தில் உள்ள எண்கள் வந்தன. எழுத்து மட்டும் வரவில்லை. 'திருமணம்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, பி, யு, கே, இசட், கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க இப்படித்தான்.

அப்பா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது பாமினிப்பா. அந்த அரைப்புள்ளிதான் ம்-முக்கு மேல வர்ற புள்ளி. ஃபான்ட் எடுத்தியா?"

எடுக்கவில்லை. அது கோப்புகளோடு இல்லை, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. விண்டோஸோடு சேர்ந்து போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இன்று தட்டச்சு செய்பவர்கள் பலருக்கு இது தெரியாது. யூனிகோடில் 'த' என்பதற்குத் தனி எண் உண்டு. உலகத்தில் எந்தக் கணினியில் திறந்தாலும் அது 'த'தான். அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அப்படி இல்லை. கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில 'ஜே'தான். பாமினி எழுத்துரு 'ஜே' இருக்கும் இடத்தில் 'த' என்று படம் வரைந்து வைத்திருக்கும், அவ்வளவுதான். வானவில் என்ற இன்னொரு எழுத்துருவில் அடித்ததைப் பாமினியில் திறந்தால் அதுவும் குப்பையாகத்தான் வரும், அது வேறு அமைப்பு. அப்பாவிடம் நாற்பது எழுத்துருவாவது இருந்தன. பேஜ்மேக்கர் கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும், எழுத்துருவைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது.

இருபது வருடத்து ஊர் விசேஷங்கள் என் கையால் ஆங்கிலக் குப்பையாகிவிட்டன என்று எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அப்பாவே கிளம்பினார். அதே பஜாரில் அவருக்குப் போட்டியாகக் கடை வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. விலையைக் குறைத்து அடிக்கிறார் என்று இரண்டு பேருக்கும் பல வருடம் பேச்சே கிடையாது. அவர் கடை இன்னும் நடக்கிறது, பின்னால் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியும் ஓடுகிறது. விஷயத்தைச் சொன்னதும், "இன்னாபா நீ, ஒரு போன் போட்டிருந்தா பையன்கிட்ட குடுத்து அனுப்பிச்சிருப்பனே" என்றார். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். டீ வாங்கித் தந்தார். இருவரும் ஒரு மணி நேரம் அந்தக் காலத்து அச்சகக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எழுத்துருக் கோப்புகளை (டிடிஎஃப்) ஹோம் ஃபோல்டருக்குள் '.ஃபான்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் போட்டேன். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தேன். 'திருமண அழைப்பிதழ்' என்று வந்து நின்றது. ஓரிரு வரிகள் இடம் மாறியிருந்தன, அப்பா சரி செய்தார்.

ஆகவே தமிழில் 2010-க்கு முன்னும் பின்னும் எதையாவது தட்டச்சு செய்த லேப்டாப் உங்கள் வீட்டில் இருந்தால், அழிக்கும் முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக நகல் எடுங்கள். நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

ஆம்பூரிலிருந்து:

உங்களுக்குப் போகக் கூடாதது போனது. எனக்கு இருக்கக் கூடாதது இருந்தது.

வேலூரில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுத்தான் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து என் மகளின் பிறந்தநாள் படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டேன். மீட்பதற்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். மகள் படத்தோடு சேர்ந்து முன்பு வைத்திருந்தவர் வீட்டுப் படங்கள் வரத் தொடங்கின. ஆதார் ஸ்கேன், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், குழந்தைகள் படம். எனக்குக் கை நடுங்கியது. அவருக்கு இது தெரியவே தெரியாது.

விரைவு ஃபார்மட் கோப்புப் பட்டியலைத்தான் அழிக்கிறது. உள்ளே இருப்பது, அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை அப்படியே கிடக்கும். அன்றே என் கோப்புகளை எடுத்துவிட்டு, என்வைப் என்ற கருவியால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதினேன். 500 ஜிபிக்கு ஒரு சுற்றுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சுற்று போதும். எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இருந்தால் இந்த வழியை நம்ப வேண்டாம். தேய்மானத்தைப் பங்கிட அது உள்ளுக்குள்ளே இடம் மாற்றி மாற்றி எழுதும், மேலெழுதியது எங்கே போனது என்று நமக்குத் தெரியாது. அதற்கு 'செக்யூர் இரேஸ்' கட்டளை தனியாக உண்டு. சில லேப்டாப்களில் பயாஸிலேயே (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கும், இல்லாவிட்டால் எஸ்எஸ்டி தயாரித்தவர்களின் கருவியில் இருக்கும்.

வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது என்றால் இவ்வளவு தேவையில்லை. விற்பதாக இருந்தால் கடைக்காரரை நம்பாமல் நீங்களே செய்யுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:

பேட்டரி செத்த லேப்டாப்பை சார்ஜரில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளா என்று பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். நான் பார்க்கவில்லை. லினக்ஸ் நிறுவ டிஸ்க்கின் பார்ட்டிஷனை (பிரிவுகளை) மாற்றி எழுதும்போது கரண்ட் போனது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மறுபடி முதலிலிருந்து நிறுவ முடிந்தது, நகல் இருந்ததால் பிழைத்தேன். பயாஸ் அப்டேட் செய்யும்போது போயிருந்தால் போர்டே போயிருக்கும்.

எங்கள் ஊர் வெயிலுக்கு இன்னொன்று: சித்திரை, வைகாசியில் மதியம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய லேப்டாப்பில் ஃபேன் தூசி அடைத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். பாதியில் சூடாகி அணைந்துவிடும். நான் இப்போது விடியற்காலையில்தான் செய்கிறேன்.

அணைக்கட்டிலிருந்து:

எங்கள் வீட்டில் அரசு கொடுத்த மாணவர் லேப்டாப் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பக்கட்ட லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எங்கள் வீட்டில் முதல் கணினி அதுதான். தங்கை ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கி வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. அழித்துப் புதிதாகப் போட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அழிக்கவே இல்லை. புது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, பின்மூடியைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு இதை மாட்டி மின்ட் போட்டேன். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேசிங்கில் (வெளி டிஸ்க்காகப் பயன்படுத்த உதவும் பெட்டி) போட்டு வைத்திருக்கிறேன். குடியாத்தம் நண்பரே, நீங்கள் இப்படிச் செய்திருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் அப்படியே இருந்திருக்கும். வேகமும் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு. அந்த அம்மாவுக்குப் பதிவு முடிந்ததா?

குடியாத்தத்திலிருந்து:

அணைக்கட்டுக்காரர் சொன்ன வழி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த லேப்டாப்புக்கு அதுதான்.

பதிவு முடிந்தது. சான்றிதழ் வாங்கிய அன்று அந்த அம்மா ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார்.

அப்பா இப்போது அக்கா மகளிடமிருந்து லேப்டாப்பைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கடன் வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எழுத்துரு சரியா என்று பார்த்து, பிடிஎஃப் ஆக்குகிறார். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், இனி யாரும் தேடி அலைய வேண்டாம். பெயர்களை மட்டும் யூனிகோடில் ஒரு பட்டியலாக அடித்து வைக்கிறார், தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக. போட்டிக் கடைக்காரரும் தன்னுடையதை இதேபோல் மாற்றத் தொடங்கியிருக்கிறார். சந்தேகம் வந்தால் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று எதுவரை வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். 2011 ஆவணியில் இருக்கிறாராம். அந்த மாதம் மட்டும் அறுபத்து மூன்று பத்திரிகை.