புதுப்பிப்பு: பிள்ளைகளோடு கொழும்புக்கு மாறுவோரின் பாடசாலைத் தெரிவு

இது பாடசாலை அனுமதி பற்றியது.

அரச பாடசாலையில் தரம் 1க்கு வதிவிடம்தான் பெரிய விஷயம். கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் புதிதாக வாடகைக்கு வந்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். வாக்காளர் இடாப்பில் பல வருடம் பெயர் இருந்தால்தான் அனுமதிக்கான புள்ளி சேரும். கேட்கும் பாடசாலையைவிடக் கிட்டிய பாடசாலைகள் இருந்தால் புள்ளி வெட்டுவார்கள். இடைத்தரங்களுக்கு (தரம் 1க்கு மேலே இடையில் சேர்வோருக்கு) வெற்றிடம் இருந்தால்தான் இடம். பழைய பாடசாலையிலிருந்து விலகியதற்கான விடுகைப் பத்திரத்தைக் கையோடு வாங்கி வாருங்கள்.

சர்வதேச பாடசாலையில் இடம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் லண்டன் பாடத்திட்டம் (பிரித்தானியப் பரீட்சைகளுக்கானது). தரம் 10இல் அரச பாடசாலைக்குத் திரும்பினால் தமிழ், சமயம், வரலாறு உட்பட 9 பாடங்களைச் சாதாரண தரப் பரீட்சைக்கு (O/L) எட்டிப் பிடித்தாக வேண்டும். பிள்ளைக்கு அது பெரிய பாரம். அரச பல்கலைக்கழகம்தான் இலக்கென்றால், தேசியப் பாடத்திட்டத்தில் நடக்கும் தனியார் பாடசாலையை முதலில் விசாரியுங்கள். தமிழ்மொழி மூல வகுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.