பிஐஓவில் சிக்கிய வன்தட்டு: 80 என்பது பின்னா, கம்பியா?

தூசுதட்டி:
விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் தன் பழைய கணினியில் 700 எம்பி அளவுள்ள ஒரு கோப்பை இன்னொரு வன்தட்டுக்கு நகலெடுக்க நான்கு நிமிடம் ஆகிறது என்றும், அந்த நான்கு நிமிடமும் மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறது, பாட்டு விட்டு விட்டு ஒலிக்கிறது என்றும் மாலைநிலா நேற்று கேட்டிருந்தார். கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'பிஐஓ மோட்' (தரவைச் செயலியே நகர்த்தும் மெதுவான முறை) என்று காட்டுவதையும் குறிப்பிட்டிருந்தார். அதற்கு நீலத்திரை, "80 பின் கேபிள் இல்லையென்றால் டிஎம்ஏ வரவே வராது, கேபிளை மாற்றுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். டிஎம்ஏ என்பது செயலியைத் தொந்தரவு செய்யாமல் தரவு நேராக நினைவகத்துக்குப் போய்வரும் வேகமான முறை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழுக்கில்லை. ஆனால் வன்தட்டையும் மதர்போர்டையும் இணைக்கும் ஐடிஇ கேபிளுக்கு 80 பின் என்று எழுதுபவர் அதை ஒரு முறையாவது கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்திருப்பாரா? பின், அதாவது முனையைச் செருகும் ஊசி, 40தான். 80 என்பது கம்பிகளின் எண்ணிக்கை. கூடுதலாக வந்த 40 கம்பிகளும் கிரவுண்ட் கம்பிகள். ஒரு சிக்னல் கம்பியின் இரைச்சல் பக்கத்துக் கம்பியில் ஏறாமல் தடுப்பதே அவற்றின் வேலை, அவற்றுக்கென்று தனிப் பின் கிடையாது.

நீலத்திரை:
எல்லோரும் பேச்சில் '80 பின்' என்றுதான் சொல்கிறார்கள். ஒருவருடைய கணினி படுத்துக் கிடக்கும்போது பின்னை எண்ணிக்கொண்டிருப்பது உங்களுக்கு மட்டுமே கைவந்த கலை. கேபிள்தான் காரணம் என்று சொன்னேன். அதை மறுக்க முடிந்தால் மறுங்கள், தம்பி.

தூசுதட்டி:
மறுக்கிறேன். 40 கம்பிக் கேபிளிலேயே டிஎம்ஏவின் வேகமான வடிவமான அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 வரை, அதாவது நொடிக்கு 33 எம்பி வரை ஓடும். 80 கம்பி தேவைப்படுவது மோட் 3, 4, 5 என்று 44, 66, 100 எம்பிக்கு ஏறும்போதுதான். பொருத்தியிருப்பது எந்தக் கேபிள் என்பதை மதர்போர்டு 34ஆவது பின்னைப் பார்த்து அறிந்துகொள்கிறது. பழைய கேபிள் என்று தெரிந்தால் 33இல் நிறுத்திக்கொள்ளுமே தவிர, யாரையும் பிஐஓ பாதாளத்தில் தள்ளிவிடாது. ஆகவே 'கேபிள் 40 கம்பி, அதனால் பிஐஓ' என்ற உங்கள் வாதம் இல்லாத பின்களின் மேல் எழுப்பிய மாளிகை. என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தார்கள் என்பதும் தெரியவில்லை.

நீலத்திரை:
சரி, அப்படியானால் பிஐஓவுக்கு ஏன் இறங்கியது? தரவு வரும் வழியில் சிஆர்சி பிழை, அதாவது அனுப்பியதும் வந்ததும் ஒத்துப்போகாத பிழை, நேர்ந்தால் எக்ஸ்பி அதை எண்ணி வைத்துக்கொள்கிறது. ஆறு பிழை சேர்ந்தால் ஒரு படி வேகத்தைக் குறைக்கிறது. அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓவில் வந்து நிற்கிறது. அந்தச் சிஆர்சி பிழை எங்கிருந்து வருகிறது? கேபிளிலிருந்து. சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

தூசுதட்டி:
நான் வரவில்லை, நீங்கள் என் வீட்டு வாசலுக்கு வந்து அதைத் தங்கள் வீடு என்கிறீர்கள். நேற்று "80 பின் இல்லையென்றால் டிஎம்ஏ வராது" என்றீர்கள், இன்று "பழுதான கேபிளில் பிழை வரும்" என்கிறீர்கள். இவை இரண்டும் ஒன்றல்ல. மேலும் அந்த ஆறில் சிஆர்சி பிழை மட்டுமா சேர்கிறது? உரிய நேரத்தில் பதில் வராத டைம்அவுட்டும் சேர்கிறது. ஸ்டாண்ட்பையிலிருந்து விழிக்கும் வன்தட்டு சுழன்று தயாராகச் சற்றுத் தாமதித்தாலும் ஒன்று, கெட்டுப்போன செக்டரை (தரவு பதியும் சிறு பகுதியை) படிக்கத் திணறினாலும் ஒன்று. அவை அடுத்தடுத்து நேர வேண்டும் என்பதும் இல்லை; மாதத்துக்கு ஒன்றாக ஆறு மாதம் சேர்ந்தாலும் கணக்கு கணக்குதான். இதில் நீங்கள் மறைத்த செய்தி ஒன்று உண்டு. புத்தம் புதிய கேபிளைப் போட்டாலும் எக்ஸ்பி தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் வன்தட்டு இணைந்திருக்கும் பிரைமரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி இயக்கினால்தான் வன்தட்டைப் புதிதாகக் கண்டறிந்து டிஎம்ஏவை மீண்டும் முயன்று பார்க்கும். 'வேறு எதையும் தொட வேண்டாம்' என்ற அறிவுரையை நம்பியிருந்தால் மாலைநிலா கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்.

ஜம்பர்:
இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அதே கேபிளில் சிடி டிரைவ் இருந்தால் அதன் வேகத்துக்கு வன்தட்டும் இறங்கிவிடும். அதைக் கழற்றினாலே போதும். தவிர, என் கணினி இரண்டு ஆண்டாகப் பிஐஓவில்தான் ஓடுகிறது. ஒரு பிழைகூட வந்ததில்லை, ஆகவே என் கேபிள் நலமாக இருக்கிறது.

தூசுதட்டி:
பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது இதுதான். சிஆர்சி சரிபார்ப்பு அல்ட்ரா டிஎம்ஏவில்தான் உண்டு. பிஐஓவில் அந்தச் சோதனையே கிடையாது. தேர்வே எழுதாத மாணவன் தான் ஒரு பாடத்திலும் தோற்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சிடி டிரைவ் பற்றிய கதையும் மிகப் பழையது. அல்ட்ரா டிஎம்ஏ காலத்துக் கட்டுப்படுத்திகள் ஒரே கேபிளில் உள்ள இரு சாதனங்களான மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் தனித்தனி வேகம் வைத்துக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும் என்பதால் காத்திருப்பு உண்டு, அவ்வளவே.

சொல்லேர்:
இடையில் புகுவதற்குப் பொறுத்தருள வேண்டும். வன்தட்டு என்பதைவிட வன்வட்டு என்பதே பொருத்தமான சொல். உள்ளே இருப்பது வட்டமேயன்றிச் சோறு போடும் தட்டு அன்று.

தூசுதட்டி:
ஐயா, அது வட்டமா தட்டா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் இங்கே ஒருவர் 40ஐ 80 என்று எண்ணிவிட்டார்.

மாலைநிலா:
பெரியவர்கள் சினம் கொள்ள வேண்டாம். சேனலை அன்இன்ஸ்டால் செய்தேன். அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 என்று வந்தது, வேகமும் கூடியது. ஆனால் இரண்டே நாளில் மறுபடி பிஐஓ. பெட்டியைத் திறந்து பார்த்ததில் மெல்லிய கம்பிகள் நெருக்கமாக ஓடும் 80 கம்பிக் கேபிள்தான் இருந்தது. அதன் நீல முனை வன்தட்டிலும், கறுப்பு முனை மதர்போர்டிலும் செருகியிருந்தன. பக்கவாட்டுத் தகடு அழுத்திய இடத்தில் ஒரு மடிப்பு விழுந்து வெளுத்திருக்கிறது. வன்தட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆவது வரியில் 212 என்றும், 197ஆவது வரியில் 0 என்றும் இருக்கிறது.

நீலத்திரை:
வெளுத்த மடிப்பு! 199 என்பது சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. 197 பூச்சியம் என்பதால் படிக்க முடியாமல் காத்துக் கிடக்கும் செக்டர் எதுவும் இல்லை. கேபிள், கேபிள், கேபிள். சேனலை நீக்கும் வைத்தியம் இரண்டு நாள்தான் தாங்கியது என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

தூசுதட்டி:
80 கம்பிக் கேபிள் இருந்தும் பிஐஓவுக்கு இறங்கியிருக்கிறதே, அதை யாரும் குறித்துக்கொள்ள வேண்டாமா? நீங்கள் சொன்னது "80 பின் இல்லையென்றால்" என்று. இவரிடம் அந்தக் கேபிள் இருக்கிறது! மோட் 5 வராமல் 2 வந்ததற்கும் காரணம் தெளிவு: நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. 34ஆவது பின் கிரவுண்டில் சேர்வது நீல முனையில் மட்டுமே என்பதால், திருப்பிச் செருகினால் மதர்போர்டு அதை 40 கம்பியாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 199இன் எண்ணிக்கை இனிக் குறையாது, மாலைநிலா. அது கூடுகிறதா, 212இலேயே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீலத்திரை அவர்களுக்கு இவையெல்லாம் புதிய செய்தியாக இருக்கலாம். மதர்போர்டில் உப்பிப்போன கண்டென்சரை வைரஸ் என்று நோய் கண்டவர் அவர்.

நீலத்திரை:
அந்தப் பழைய கதையை இழுத்தாயிற்றா? வைரஸ் 'இருக்கலாம்' என்றுதான் எழுதினேன். பார்ட்டிஷன் தெரியாத வன்தட்டை உடனே ஃபார்மேட் செய்யச் சொல்லி ஒருவரின் குடும்பப் படங்களை எல்லாம் காற்றில் விட்டவர் யார் என்று நானும் நினைவூட்டலாமா?

தூசுதட்டி:
முதலில் நகல் எடுக்கச் சொல்லியிருந்தேன். அவர் படிக்கவில்லை.

ஜம்பர்:
சிடி டிரைவைக் கழற்றிப் பார்த்தீர்களா?

மாலைநிலா:
கழற்றவில்லை. இன்று புதிய கேபிளை நிறம் பார்த்துச் சரியான முனைகளில் பொருத்தினேன். கையோடு சேனலையும் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இயக்கினேன். இப்போது மோட் 5 என்று காட்டுகிறது. அதே 700 எம்பி கோப்பு அரை நிமிடத்துக்குள் போய்விட்டது, பாட்டும் தடங்கலின்றி ஒலிக்கிறது. இருவருக்கும் நன்றி.

நீலத்திரை:
கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது. வேறு சான்று வேண்டுமா?

தூசுதட்டி:
சேனலை நீக்கியதும் சரியாகிவிட்டது என்பதை ஏன் விழுங்குகிறீர்கள்? இரண்டையும் ஒரே மூச்சில் செய்து மாலைநிலா நல்ல சோதனை ஒன்றைக் கெடுத்துவிட்டார். கேபிளை மட்டும் மாற்றி ஒரு நாள் ஓட்டியிருந்தால், பிஐஓ அசையாமல் அங்கேயே நின்றிருப்பதை எல்லோரும் கண்ணாரக் கண்டிருப்பார்கள். அது போகட்டும். 80 பின் என்று எழுதியது தவறு என்று இதுவரை ஒரு சொல்லும் வரவில்லை. பின் 40.

நீலத்திரை:
பின்னை எண்ணுவதில் புலியாகிய நீங்களே மதர்போர்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். கேபிளைத் தலைகீழாகச் செருகாமல் இருப்பதற்காக 20ஆவது பின்னை எடுத்துவிட்டிருப்பார்கள். பின் 39. நீங்கள் முதல் நாளிலிருந்து எழுதிவரும் 40ஐ எப்போது திருத்தப் போகிறீர்கள், தம்பி?

தூசுதட்டி:
20ஆவது இடம் காலியாக இருந்தாலும் அதற்கு எண் உண்டு. அதனால்தான் அடுத்தது 21. வரிசை 40, கணக்கு 40. இன்னொரு முறை தம்பி என்றால்