கால் நரம்பு, ஹார்மோன் மாத்திரை: உங்களுக்கு என்ன நடந்தது?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

எனக்கு 37. தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் நின்றபடிதான் வேலை. முட்டிக்குப் பின்னால் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிவது இரண்டாவது பிரசவத்திலிருந்தே உண்டு. அதனால் போன வருஷம் இடது கெண்டைக்கால் வலித்தபோது பழைய தொல்லைதான் என்று விட்டுவிட்டேன். மாமியார் கோடாலித் தைலம் போட்டு இரண்டு ராத்திரி நன்றாக உருவிவிட்டார். மூன்றாம் நாள் இடது கால் செருப்புக்குள் நுழையவில்லை, தொட்டால் சூடு. வலது கால் எப்போதும்போல இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுறீங்களா?” ஆமாம், அஞ்சு மாசமாக. அன்றே டாப்ளர் ஸ்கேன். ஆழத்தில் இருக்கும் நாளத்தில் ரத்தக்கட்டி. மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறையத் தூண்டுமாம், அதுவும் முதல் வருஷத்தில்தான் ஆபத்து அதிகமாம். உருவிவிட்டதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை, பாவம். ரத்தம் உறையாமலிருக்க 3 மாதம் மருந்து சாப்பிட்டேன். இப்போது காப்பர் டி.

செந்தூல், கே.எல்.

தங்கச்சி, நல்லவேளை போய்ப் பார்த்தீர்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். என் அக்கா மகள் நரம்பு சுருட்டைப் பார்த்துப் பயந்து தானே நிறுத்தினாள், அடுத்த மாதமே கர்ப்பம். கர்ப்பத்தில் ரத்தம் கட்டும் ஆபத்து மாத்திரையை விட அதிகம்! மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருஷத்துக்குச் சுமார் 2 பேருக்கு இப்படி வரும். எடுத்தால், வகையைப் பொறுத்து 5 முதல் 12 பேர். நரம்பு சுருட்டு மட்டும் இருந்தால் மாத்திரை கூடாது என்றில்லை. ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு வேறு கணக்கு.

பிரிக்பீல்ட்ஸ்

எனக்கு 53. மாதவிடாய் நின்ற பிறகு ஏர்கானில் உட்கார்ந்தாலும் உடம்பெல்லாம் அனலடிக்கும், ராத்திரியில் தலையணை நனையும். ஹார்மோன் கேட்டுப் போனேன். அம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டியதைச் சொன்னதும் டாக்டர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டாம் என்று தோலில் தடவும் ஜெல் எழுதினார். வாய்வழி போனால் முதலில் கல்லீரலைத் தொடும், ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள் அங்கேதான் கூடுதலாக உருவாகும். தோல் வழியாகப் போனால் அந்தச் சிக்கல் இல்லையாம். கர்ப்பப்பை இருப்பதால், ஈஸ்ட்ரோஜனால் அதன் உட்சுவர் தடிக்காமலிருக்க, ராத்திரி புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் உண்டு. அம்மா கதையை நானாகச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நரம்பு சுருட்டுக்கு இறுக்கமான காலுறை. இந்த ஊர் வெயிலில் அது ஒரு தண்டனை. காலையில் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து இழுக்கிறோம்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அக்கா, காலுறைக்கு அளவெடுத்துத் தருவார்களா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறணும், 513 படி.

பிரிக்பீல்ட்ஸ்

எடுப்பார்கள். காலையிலேயே போங்கள். ஷிப்ட் முடிந்து போனால் வீங்கின காலுக்கு அளவெடுத்துவிடுவார்கள், அப்புறம் தொளதொளவென்று இருக்கும். ஏறலாமா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.