புதுப்பிப்பு: மணியை வழியனுப்பிவிட்டோம்

போன மாதம் எங்கள் 14 வயது கன்னி இன நாய் மணியைப் பற்றி எழுதியிருந்தேன். பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஊசி போட்டு வலியில்லாமல் வழியனுப்பிவிடலாம் என்று நான், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மனைவி.

சரி என்று ஆளுக்கொரு காலண்டரில் தனித்தனியாகக் குறித்தோம். தானாகச் சாப்பிட்டு வாலாட்டினால் நல்ல நாள். 15 நாள் கழித்து ஒப்பிட்டால், என் கணக்கில் மோசமான நாள் 6, அவள் கணக்கில் 11. ராத்திரி அவன் முனகும்போதெல்லாம் எழுந்து புரட்டிப் படுக்கவைத்து ஈரம் துடைத்தது அவள்தான். எனக்குத் தெரியவே இல்லை. "போதும்ங்க, அவன் பட்டது" என்று அவளே சொன்னாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, தூங்கிய பிறகு நரம்பில் அளவு கூடிய மருந்து. சில நிமிடம்தான். கண் மூடாது, கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம், அது வலியில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். இல்லையென்றால் பதறியிருப்போம்.

மருந்து உடம்பிலேயே தங்குமாம். தோண்டித் தின்னும் நரிக்கும் நாய்க்கும் ஆபத்து. அதனால் தோப்பில், வாய்க்காலை விட்டுத் தள்ளி மேட்டில், ஆழக் குழி வெட்டினோம்.

அவள் இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறாள். இப்போது நானும் கூட எழுந்து உட்காருகிறேன்.